களம் இல்லாத ஊரில் சாலையே களம்

வீலிங் என்பது ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, பின் சக்கரத்தை மட்டும் ஊன்றி வண்டியைச் செலுத்துவது. இதைப் பற்றித் தமிழ்நாட்டில் ஊறிப்போன கருத்து ஒன்று உண்டு. வீலிங் ஒரு திறமையே அல்ல, வயதுத் திமிர். திமிருக்கு மருந்து தண்டனை. நாலு பேர் மேல் வழக்குப் போட்டு வண்டியைப் பறித்தால் மற்றவர்கள் தானாக அடங்கிவிடுவார்கள் என்பதே அது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் டீக்கடைப் பேச்சிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்தக் கருத்தில் ஒரு பாதி சரி. பொதுச் சாலையில் முன் சக்கரத்தைத் தூக்குவது குற்றம். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. மறுபாதி தவறு. வீலிங் வெறும் திமிர் என்பதும், தண்டனை மட்டுமே போதும் என்பதும் உண்மைக்குப் பொருந்தாதவை. வீலிங் இன்னும் சாலையை விட்டு நகராமல் இருப்பதற்கு இந்தத் தவறான பாதியும் ஒரு காரணம்.

சாலையில் ஏன் கூடாது

சரியான பாதியை முதலில் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. அதற்கு அடி அண்ணாமலைச் சாலையைவிடத் தெளிவான சான்று இல்லை. திருவண்ணாமலை நகரிலிருந்து பார்த்தால் மலைக்குப் பின்புறம், 14 கி.மீ. கிரிவலப் பாதையில் பாதியைக் கடந்த இடத்தில் இந்த ஊர் இருக்கிறது. ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கே உள்ளது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இதுவே என்பது மரபு. அவருக்கும் இங்கே கோயில் உண்டு. பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கானோர் நடக்கும்போது வண்டிகளைப் போலீசார் திருப்பி விடுகிறார்கள். மற்ற நாட்களில் இது ஒரு சாதாரணச் சாலை. நல்ல தார், இருபுறமும் மரங்கள், செங்கம் சாலையிலும் காஞ்சி சாலையிலும் இருக்கும் லாரி நெரிசல் இங்கே இல்லை. வண்டி ஓட்டும் எந்த இளைஞருக்கும் கை பரபரக்க வைக்கும் சாலை.

ஆனால் அந்தச் சாலை ஒருநாளும் காலியாக இருப்பதில்லை. விடியலுக்கு முன்பே வெறுங்காலுடன் நடப்பவர்கள் இருக்கிறார்கள். மலையை ஒட்டிய வலப்பக்கம் சித்தர்களும் தேவர்களும் வலம் வரும் பாதை என்ற நம்பிக்கையால் அடியார்கள் சாலையின் இடப்பக்கமாகவே நடப்பது வழக்கம். அதனால் அவர்கள் போகும் திசையிலேயே வரும் வண்டி அவர்களின் முதுகுப் பக்கமாக வருகிறது. ஓரத்தில் சாதுக்கள் படுத்திருப்பார்கள்.

இந்த இடத்தில் முன் சக்கரம் எழும்பினால் நடப்பவை மூன்று. முதலாவது, திருப்பும் சக்கரம் காற்றில் இருக்கிறது. ஹேண்டில்பாரைத் திருப்பினால் வண்டி திரும்பாது. இரண்டாவது, வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் முன் பிரேக் பயனற்றுப் போகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். முன் சக்கரத்தை இறக்கிவிட்டுத்தான் முழுதாக பிரேக் பிடிக்க முடியும் என்பதால், இறக்கும் அந்த ஒரு நொடியிலேயே 11 மீட்டர் கைவிட்டுப் போய்விடும். மூன்றாவது, கண். எழும்பிய வண்டியின் முகப்பு ஓட்டுபவரின் பார்வையை மறைக்கிறது. இருட்டில் ஹெட்லைட் வெளிச்சம் மரக்கிளைகளின் மீது விழுகிறது; தார் மீது நடப்பவரின் கால் இருட்டிலேயே இருக்கிறது.

வீலிங் ஆர்வலர்கள் சிலர், ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டுத்தானே செய்கிறோம் என்பார்கள். அந்தக் கவசம் காப்பது ஓட்டுபவரின் உடலை மட்டுமே. வெறுங்காலுடன் முதுகு காட்டி நடக்கும் பெரியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எனவே சாலை வீலிங்கை நியாயப்படுத்தும் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

திமிர் என்ற விளக்கம் ஏன் போதாது

இனி தவறான பாதி. வீலிங் வெறும் திமிர் என்றால், திமிர் உள்ள எவரும் அதைச் செய்துவிட முடிய வேண்டும். முடியாது. காரணம் எளிய கணக்கு. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த எடையின் மையம், பின் சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு முன்னால் சுமார் 60 செ.மீ. தள்ளியும், தரைக்கு மேல் கிட்டத்தட்ட அதே உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். எஞ்சின் இழுவையால் மட்டுமே முன் சக்கரம் எழும்ப வேண்டுமானால், வேகம் ஒவ்வொரு நொடியும் மணிக்கு 35 கி.மீ. அளவு கூட வேண்டும். சாதாரண 150 சிசி வண்டி நின்ற இடத்திலிருந்து 60 கி.மீ. வேகத்தைத் தொடவே ஐந்து நொடி அளவு எடுத்துக்கொள்கிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் அந்த வண்டியின் முன் சக்கரம் தரையைவிட்டு அசையாது.

அதனால்தான் கிளட்ச் தேவைப்படுகிறது. பழகியவர் முதல் கியரில், சைக்கிள் ஓடும் அளவு வேகத்தில் வண்டியை வைத்துக்கொள்வார். இரண்டு விரலால் கிளட்சைப் பிடித்து, எஞ்சின் சுழற்சியை ஏற்றி, சட்டென்று விடுவார். சுழன்றுகொண்டிருந்த எஞ்சினின் உந்துதல் ஒரே வீச்சில் பின் சக்கரத்துக்குப் போகிறது. அமுங்கிய முன் ஃபோர்க் மேலெழும் அதே கணத்தில் உடல் எடை பின்னுக்குப் போக வேண்டும். விரல், மணிக்கட்டு, இடுப்பு மூன்றும் ஒரே கணத்தில் சேர்ந்தால் சக்கரம் ஒரு சாண் எழும்பும். அரை நொடி தவறினால் எஞ்சின் உறுமும், வண்டி முன்னால் துள்ளும், சக்கரம் தரையிலேயே இருக்கும்.

எழுந்த பிறகு நடப்பது இன்னும் நுட்பமானது. சக்கரம் உயர உயர எடையின் மையம் பின் சக்கரத்துக்கு நேர் மேலே நகர்கிறது. மேலே சொன்ன அளவுகளின்படி, வண்டி ஏறக்குறைய 45 டிகிரி சாயும்போது அது நேர்க்கோட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பெயர் சமநிலைப் புள்ளி. அதை நெருங்க நெருங்கக் குறைந்த ஆக்சிலேட்டரே போதும். புள்ளியைத் தொட்டால் வேகத்தைக் கூட்டவே வேண்டியதில்லை. தாண்டிவிட்டால் வண்டி ஓட்டுபவர் மீது கவிழும். அப்போது காப்பாற்றுவது வலது கால் மட்டுமே: பின் பிரேக்கை மெல்ல மிதித்தால் பின் சக்கரத்தின் ஓட்டம் தடைபட்டு, வண்டியின் முகப்பு தானாகக் கீழே சாயும். ஆக்சிலேட்டர் தூக்கும், பின் பிரேக் இறக்கும். ஆகவே வீலிங் பழகுபவர் முதலில் கற்க வேண்டியது இறக்குவதை. வலது கால் பிரேக்கை விட்டு விலகாமல் இருக்கும் பழக்கம் உடம்பில் ஏறாதவரை தூக்கிப் பார்க்கவே கூடாது என்பது இந்தக் கலையின் முதல் விதி.

வேகமும் துணிச்சலும்தான் வீலிங் என்றால் உலக சாதனைகள் பெரிய பந்தய வண்டிகளில்தான் நடந்திருக்க வேண்டும். 1991 மே 5 அன்று ஜப்பானில் யாசுயுகி குடோ ஒரே மூச்சில் 331 கி.மீ. தூரம் பின் சக்கரத்தில் ஓட்டினார். அவர் எடுத்துக்கொண்டது ஹோண்டா டி.எல்.எம். 220 ஆர் என்ற இலகுவான, பாறைகளில் மெதுவாக ஏறிப் பழகும் வண்டி. ஓட்டிய இடம் மூடிய வாகனச் சோதனைத் தளம். அவருக்கு முன் 1984இல் அமெரிக்காவின் டக் டோமோகோஸ், டல்லடேகா பந்தயத் தளத்தில் 145 மைல் தூரம் முன் சக்கரத்தை இறக்காமல் சுற்றினார். திமிரின் ஆயுள் சில நொடிகள். 331 கி.மீ. தூரத்துக்கு ஒரு வண்டியைச் சமநிலைப் புள்ளியில் பிடித்து வைப்பது பல்லாண்டுப் பயிற்சியின் விளைவு.

இப்படிப்பட்ட திறமை ஒருநாளில் வருவதில்லை. நூற்றுக்கணக்கான முறை தூக்கி இறக்க வேண்டும். பலமுறை விழ வேண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் ஃபோர்க்கின் ஆயில் சீலும் கோன் செட்டும் அடி வாங்கும். கிளட்ச் பிளேட் கருகும். வண்டி நெடுநேரம் சாய்ந்திருந்தால் எஞ்சின் ஆயில் பின்னுக்கு ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் போகும். திரும்பத் திரும்ப விழுந்து கற்க வேண்டிய ஒன்றுக்கு, விழுவதற்கு ஏற்ற இடம் வேண்டும் என்பது இதிலிருந்தே தெளிவாகும். திமிர் என்று பெயர் வைத்தவுடன் இந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது. திமிர் பிடித்தவனுக்கு இடம் தேட யாரும் முன்வரமாட்டார்கள்.

தண்டனை ஏன் போதாது

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 184ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டையும் விதிக்கிறது. 189ஆம் பிரிவு பொது இடத்தில் பந்தயம் விடுவதைத் தண்டிக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவின்படி 18 வயது நிரம்பாதவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தச் சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற முடியாது. இந்தப் பிரிவுகள் எதிலும் வீலிங் என்ற சொல் இல்லை என்றாலும், சாலையில் செய்பவரைப் பிடிக்க இவை போதும்.

அந்தச் சட்டம் கடுமையாகவும் பாய்ந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்த யூடியூபர் டி.டி.எஃப். வாசன் தூக்கி எறியப்பட்டுக் காயமடைந்தார். பின்னர் கைது செய்யப்பட்டார். அக்டோபர் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் பிணை தர மறுத்தது. விலை உயர்ந்த பாதுகாப்பு உடை அவரைக் காப்பாற்றியது, அவரைப் பார்த்துச் செய்யும் சிறுவர்களுக்கு அது கிடையாது என்பது நீதிமன்றத்தின் கவலை. அவருடைய ஓட்டுநர் உரிமம் 2033 அக்டோபர் வரை பத்தாண்டுக்கு முடக்கப்பட்டது. நாடு முழுவதும் பேசப்பட்ட இந்தத் தண்டனை, தண்டனையே போதும் என்ற கருத்துக்கு நல்ல சோதனை. அடுத்த மாதமே, நவம்பரில், தீபாவளியை ஒட்டித் திருச்சி பக்கம் நெடுஞ்சாலையில், வண்டியில் பட்டாசு கட்டி வெடிக்கவிட்டபடி வீலிங் செய்த காணொளி பரவியது. மீண்டும் கைதுகள் நடந்தன.

இதிலிருந்து தண்டனை வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது. 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தனர். அதே ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இந்த எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டு யாரும் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல முடியாது. தண்டனை செய்யக்கூடிய வேலை ஒன்று: இந்த இடத்தில் கூடாது என்று சொல்வது. அப்படியானால் எந்த இடத்தில் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. பதில் இல்லாத வரை, பிடிபட்ட பையன் கற்றுக்கொள்ளும் பாடம், அடுத்த முறை போலீஸ் வராத சாலையைத் தேடு என்பதே.

தண்டனையையே வேறு விதமாக யோசித்த முன்னுதாரணமும் சென்னையில் உண்டு. 2022 செப்டம்பரில், அண்ணா சாலையில் வீலிங் செய்த வழக்கில் ஓர் இளைஞருக்குப் பிணை வழங்கிய உயர் நீதிமன்றம், சிக்னலில் நின்று சாலைப் பாதுகாப்புத் துண்டறிக்கை கொடுக்க வேண்டும், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் விபத்துக் காயப் பிரிவில் உதவியாக வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அந்தப் பிரிவில் படுத்திருப்பவர்களைப் பார்த்தால் எந்த அபராதச் சீட்டும் சொல்லாதது புரியும். ஆனால் இதுவும் பிடிபட்ட பிறகு வரும் வழிதான். பிடிபடுவதற்கு முன்பு ஒரு வழி வேண்டும்.

களம் என்ற விடை

அந்த வழி என்ன என்பதை வட ஆற்காட்டுக் கிராமங்கள் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கின்றன. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும். கேழ்வரகும் உளுந்தும் தாளோடு பரப்பி, வண்டிச் சக்கரமே அடித்துத் தரட்டும் என்று விடப்படும். அதில் வழுக்கி விழும் இருசக்கர வாகன ஓட்டிகள் உண்டு. இதைப் பற்றிப் பேசும்போது எவரும் விவசாயியைத் திமிர் பிடித்தவர் என்பதில்லை. ஊரில் களம் இல்லை, அதனால் சாலைக்கு வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே கோரிக்கையும் சரியாக வருகிறது: உலர்களம் கட்டிக் கொடுங்கள். கட்டிய ஊரில், சாலையில் பரப்பாதே என்று கண்டிப்பாகச் சொல்லும் தகுதி ஊராட்சிக்கு வருகிறது. நெல் காயவைக்கும் பெரியவருக்குத் தந்த இந்தப் பொறுமையான நியாயத்தை, வீலிங் பழகும் அவருடைய பேரனுக்கும் தர வேண்டும்.

களம் கொடுத்தால் ஊக்குவித்ததாகிவிடும் என்பது முதல் எதிர்ப்பு. தமிழ்நாட்டின் நடைமுறையே இதற்கு மறுப்பு. மாடு பிடிப்பது உயிர் போகும் விளையாட்டு. அதை 2009 சட்டம் விதிகளுக்குள் கொண்டுவந்தது. 2017இல் அதற்காக விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தமிழ்நாட்டில் திருத்தப்பட்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது. தடுப்பு வேலி, வீரர்களுக்கும் காளைகளுக்கும் மருத்துவப் பரிசோதனை, முன்பதிவு என்று எல்லாம் வந்தன. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் தனி அரங்கமே திறக்கப்பட்டது. அரங்கம் கட்டியதால் தெருவெல்லாம் காளையை அவிழ்த்துவிடலாம் என்று யாரும் பொருள் கொள்ளவில்லை.

வண்டி விளையாட்டிலும் இதே கதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் சென்னையின் மோட்டார் பந்தயம் வளர்ந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் அமைத்தது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிப் பொதுச் சாலைகளையே மூடி, தடுப்புகள் வைத்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஃபார்முலா 4 கார் பந்தயம் நடத்தியது. சாலையை இரண்டு நாள் பந்தயத் தளமாக மாற்றித் தர முடிந்த அரசுக்கு, மாவட்டத்துக்கு ஒரு சிறு திடல் ஒதுக்குவது பெரிய காரியம் அல்ல. அடி அண்ணாமலையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய 150 கி.மீ.; தவணையில் வாங்கிய வண்டியை வைத்திருக்கும் கிராமத்து இளைஞருக்கு அது எட்டாத தொலைவு. பந்தயத் தளம் பந்தயத்துக்கானது. அவருக்கு வேண்டியது பழகும் இடம்.

களம் கொடுத்தாலும் ரீல்ஸுக்காகச் செய்பவர்கள் சாலைக்குத்தான் வருவார்கள் என்பது கடைசி எதிர்ப்பு. சிலர் வரவே செய்வார்கள். ஆனால் இப்போது கற்க விரும்புபவரும் காட்டிக்கொள்ள விரும்புபவரும் ஒரே சாலையில் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே வழக்கு. களம் வந்தால் இருவரும் பிரிந்துவிடுவார்கள். களம் இருந்தும் கிரிவலப் பாதையில் தூக்குபவர் மீது 184ஆம் பிரிவை முழு வேகத்தில் பாய்ச்சலாம். வேறு இடம் இல்லை என்ற சாக்கு அப்போது எவருக்கும் இருக்காது.

எப்படிப்பட்ட களம்

தேவை அதிகம் இல்லை. சுமார் 200 மீட்டர் நேரான, கெட்டியான தரை, இருபுறமும் மோதுவதற்குக் கல்லோ கம்பமோ இல்லாத வெற்றிடம், வேலி, முதலுதவி தெரிந்த ஒருவர், ஆம்புலன்ஸ் வரும் வழி. வண்டிக்கு கிராஷ் கார்டு வேண்டும். பின்னால் கவிழாமல் இருக்க, வண்டி அதிகம் சாய்ந்தால் தரையில் உரசித் தாங்கும் இரும்புக் கம்பியை சீட்டுக்குப் பின்னால் பொருத்த வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கினால் குறைந்த வேகத்திலேயே சக்கரம் எழும்பும். வேகம் குறைந்தால் விழுவதும் மெதுவாக நடக்கும். முழு முக ஹெல்மெட், கையுறை, முட்டிக் கவசம், கணுக்காலை மூடும் ஷூ இல்லாதவரை உள்ளே விடக் கூடாது. ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்கு அனுமதி இல்லை.

பயிற்சி முறையும் படிப்படியானது. முதலில் சக்கரத்தைத் தூக்காமலே பின் பிரேக்கை அளந்து மிதிக்கப் பழக வேண்டும். அடுத்து கிளட்ச். பிறகு ஒரு சாண் தூக்கி உடனே பிரேக்கால் இறக்குவது. கைப்பிடி நேராக இருக்கும்போது மட்டுமே சக்கரம் தரையைத் தொட வேண்டும், கோணலாகத் தொட்டால் வண்டி உதறித் தள்ளிவிடும். இதைத் தவறாமல் செய்பவரையே அடுத்த உயரத்துக்கு விட வேண்டும். இந்தக் கட்டங்களில் கற்கும் கிளட்சும் பின் பிரேக்கும் மழைச் சாலையிலும் மலைப் பாதையிலும் பயன்படுகிற பாடங்கள்தான். இன்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டு போட்டுக் காட்டியவருக்கு உரிமம் கிடைக்கிறது; அதன்பின் வாழ்நாள் முழுவதும் பிரேக் பிடிக்க யாரும் சொல்லித் தருவதில்லை.

இடத்துக்கும் பஞ்சமில்லை. எட்டு போடும் தேர்வுத் தளங்கள் விடுமுறை நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. முதல் இரண்டு கட்டப் பயிற்சிக்கு அவையே போதும். தூக்கிப் பழகும் கட்டத்துக்கு விளையாட்டுத் துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து நகருக்கு வெளியே ஒரு திடலை ஒதுக்கலாம். கிரிவலப் பாதையை ஒட்டிய நிலம் மட்டும் அதற்கு ஆகாது. அங்கே எஞ்சின் சத்தத்துக்கு வேலை இல்லை. திடலைத் திறக்கும் அதே நாளில், அடி அண்ணாமலை வழியாகச் செல்லும் 14 கி.மீ. முழுவதும் வீலிங்குக்கு எந்த விதிவிலக்கும் இல்லை என்ற அறிவிப்புப் பலகையும் நிற்க வேண்டும். களமும் பலகையும் சேர்ந்ததே முழுமையான கொள்கை. இதுவரை மாவட்டங்களுக்குக் கிடைத்திருப்பது பலகை மட்டும்.